தாயக்கட்டையின் கணக்கு: வெட்டும் காப்பும்

தாயம் என்பது இரண்டு நீள்கட்டைகளை உருட்டிக் காய்களை நகர்த்தும் தமிழகக் கட்ட விளையாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் உள்ளிட்ட தென்மாவட்ட ஊர்களில் வீட்டுத் தரையிலும் திண்ணையிலும் கோடு கிழித்து இதை ஆடுவர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம், சொக்கட்டான் ஆகியவற்றுடன் தாயம் ஆடும் வழக்கமும் உண்டு. தாயத்தை வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று கருதுவோர் பலர். ஆனால் தனித்து நிற்கும் காயை வெட்டுவதிலும் காப்பதிலும் தெளிவான ஒரு கணக்கு உண்டு. கட்டையின் வடிவமே அந்தக் கணக்கைத் தீர்மானிக்கிறது.

தொன்மை

பகடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் 'கவறு'. திருக்குறளின் 94ஆம் அதிகாரமான 'சூது' இச்சொல்லை ஆள்கிறது. கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடைகள் கிடைத்துள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அமைந்த அதே விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் அகழாய்வு தொடங்கியது. அங்கும் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. இவற்றைக் கொண்டு ஆடியது தாயம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் காய் நகர்த்தும் ஆட்டங்கள் இப்பகுதிக்குப் புதியவை அல்ல என்பது உறுதி.

வெட்டும் மலையும்

எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் சரியாக வந்து இறங்கினால் அது 'வெட்டு'. வெட்டுப்பட்ட காய் மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். பெருக்கல் குறியிட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. இக்கட்டத்தை மலை என்றும் மனை என்றும் ஊருக்கேற்பச் சொல்வர். பல ஊர்களில், ஒரு காயையாவது வெட்டாதவர் உள்கட்டங்களுக்குள் நுழைந்து பழம் எடுக்க முடியாது. ஆகவே மலையிலேயே ஒதுங்கியிருந்து வெல்லவும் வழியில்லை.

மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆடப்படும் பேக்கமன் ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கு மலை கிடையாது. ஒரே இடத்தில் இரு காய்கள் சேர்ந்து நின்றால் எதிரி அங்கு இறங்க முடியாது; ஒற்றைக்காய் மட்டுமே அடிபடும். பேக்கமனில் காயைக் காப்பது துணை. தாயத்தில் காப்பது இடம்.

கட்டையின் கணக்கு

தாயக்கட்டைக்கு நான்கு பக்கங்கள். அவற்றில் 0, 1, 2, 3 எனப் புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றுள் 3 விழுவதற்கு நான்கு வழிகள், 2, 4 ஆகியவற்றுக்கு மும்மூன்று, தாயம் எனப்படும் 1, மற்றும் 5 ஆகியவற்றுக்கு இவ்விரண்டு, 6க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அதற்கும் ஒரே வழி.

ஆகவே எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பதே பெரிய ஆபத்து: ஒரே வீச்சில் வெட்டுப்பட நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆறு கட்டம் முன்னால் நின்றால் அது 16இல் ஒன்றாகக் குறைகிறது. ஏழு முதல் பதினொன்று வரையிலான தொலைவை ஒரே வீச்சில் எட்டவே முடியாது. எனினும் 1, 5, 6, 12 விழுந்தால் மறுவீச்சு உண்டு என்பதால் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. வெட்ட நினைப்பவர் இதையே திருப்பிப் போட்டு, எதிரிக்கு மூன்று கட்டம் பின்னால் வந்து காத்திருக்கலாம்.

பேக்கமனில் ஆறுமுகப் பகடைகள் இரண்டு. அவற்றைத் தனித்தனியாகவும் கூட்டியும் பயன்படுத்தலாம். அதனால் அங்கு ஆறு கட்டத் தொலைவே மிக ஆபத்தானது: 36இல் 17 வழிகள். ஏழாவது கட்டத்தில் அது 6 வழிகளாகச் சரிகிறது.

லூடோவின் வருகை

இந்தியப் பச்சீசியைத் தழுவி 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது லூடோ. அதில் ஒரே ஒரு ஆறுமுகப் பகடை. ஒன்று முதல் ஆறு வரை எந்த எண்ணும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்புடன் விழும். எனவே முதல் வீச்சைப் பொறுத்தவரை எதிரிக்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பதும் ஆறு கட்டம் முன்னால் நிற்பதும் ஒன்றுதான்.

கட்டை கைவசம் இல்லாதபோது தாயக்கட்டத்தில் லூடோ பகடையை உருட்டுவோர் உண்டு. கோடுகளும் மலைகளும் அப்படியே இருக்கும். மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் மறைந்துவிடும். தாயத்தைக் காக்க விரும்புவோர் கட்டத்துடன் கட்டையையும் சேர்த்தே காக்க வேண்டும்.