நூலகமும் வாசகரின் திருத்தமும்

காப்பியம் செய்த புலவர்கள் அவையடக்கம் பாடித் தம் குறைகளைக் கற்றோர் பொறுக்குமாறு வேண்டினர். அச்சு யந்திரம் வந்தபின் நூலின் இறுதியில் ‘பிழை திருத்தம்’ என்றொரு பக்கம் சேர்ந்துகொண்டது. இணையத்தில் ஆய்வுக்கென இயங்கும் தளங்களுக்கும் இதே கடமை உண்டு. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது வெறும் மரபு அன்று, தேவை.

யாழ்ப்பாணப் பொது நூலகமே வாசகரால் உருவானது. 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் நூல்களை இரவல் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, பொதுமக்களின் ஆதரவோடு 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியின் வாடகை அறையொன்றில் நூலகமாயிற்று. அரை நூற்றாண்டு வளர்ந்த அந்தச் செல்வம் 1981 மே 31 நள்ளிரவையொட்டி எரியூட்டப்பட்டது. அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பர். நூல்களோடு, ஒரு தகவலைச் சரிபார்க்க எடுத்துப் புரட்டும் வசதியும் போயிற்று.

இந்த இழப்பின் பின்னணியில்தான் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தைப் பார்க்கவேண்டும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி, ஒவ்வொன்றுக்கும் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு முதலிய விபரங்களோடு அது தருகிறது. பக்கத்தைப் படமெடுப்பது உழைப்பு. அந்த விபரங்களைச் சரியாக எழுதுவது அறிவு. அந்த அறிவின் பெரும்பங்கு வாசகரிடமே இருக்கிறது.

ஓர் உதாரணம். ஈழத்து எழுத்துலகில் சிவஞானசுந்தரம் மூவர். சிறுகதை முன்னோடி இலங்கையர்கோன், த. சிவஞானசுந்தரம். மருத்துவப் பேராசிரியரும் நாவலாசிரியருமான நந்தி, செ. சிவஞானசுந்தரம். ‘சிரித்திரன்’ நடத்திய கேலிச்சித்திரக் கலைஞர் சுந்தர், சி. சிவஞானசுந்தரம். தலைப்பெழுத்தின்றி அச்சான ஒரு கட்டுரை யாருடையது? கணினி சொல்லாது. அக்கால இதழ்களை வாசித்து வளர்ந்த ஒருவர் நடையைக் கண்டே சொல்லிவிடுவார்.

இன்னொன்று ஆண்டு. பழைய நூலொன்றின் முகப்பில் ‘விரோதிகிருது வருடம்’ என்று மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சக்கரத்தில் அது 1851ஆகவும் இருக்கலாம், 1911ஆகவும் இருக்கலாம். அச்சுக்கூடத்தின் பெயரையோ பதிப்பித்தவரின் குடும்பத்தையோ அறிந்தவரிடமிருந்து வரும் ஒரு வரியில் அறுபதாண்டுக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆகவே, வாசகரிடம் எதைக் கேட்கிறோம் என்பது முக்கியம். பத்திரிகை அலுவலகத்துக்கு வந்த வாசகர் கடிதங்களைப் பல்லாண்டு பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாராட்டுக் கடிதம் மனதுக்கு இதம், ஊர்ப்பெயரையும் திகதியையும் திருத்தி வரும் அஞ்சலட்டையே பயன் தருவது. ‘தளம் எப்படி?’ என்று கேட்டால் ‘நன்று’ என்ற மறுமொழியே கிடைக்கும். ‘இந்தப் புனைபெயர் யாருடையது?’, ‘இவ்விதழின் எந்த இலக்கம் உங்கள் வீட்டில் உண்டு?’ என்று கேட்டால் தகவல் கிடைக்கும்.

கிடைத்ததை உடனே ஏற்றுக்கொள்வதும் தவறு. நினைவு பிசகும், ஊர்ப்பற்றும் உறவும் சில வேளை வரலாற்றை வளைக்கும். திருத்தம் சொன்னவரின் ஆதாரத்தைக் கேட்டுப் பதியவேண்டும். பழைய தகவலையும் அழிக்காமல் காக்கவேண்டும். நூலகம் தளம் இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள், எது எப்போது மாற்றப்பட்டது என்பதைத் தானாகவே காத்துவைப்பது. தாளில் அச்சிட்ட பிழைதிருத்தப் பக்கத்துக்கு இல்லாத வசதி இது.

ஆனால் எந்த மென்பொருளும் மூத்தவர் வீட்டுக் கதவைத் தட்டாது. அச்சுக்கோத்தவர், இதழ் நடத்தியவர், ஆசிரியருக்குப் பிரதி எழுதிக் கொடுத்தவர் எனப் பலர் இணையத்தின் பக்கம் வராதவர்கள். பருத்தித்துறையிலும் சுன்னாகத்திலும் நெடுந்தீவிலும் அவர்களைத் தேடி, வருடிய பக்கங்களைத் தாளில் எடுத்துச்சென்று காட்டிக் கேட்கவேண்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைச் செய்யலாம். எரிந்த நூலுக்கு வேறொரு பிரதி எங்காவது கிடைக்கக்கூடும். அதை எழுதியவர் யாரென்று அறிந்த கடைசி மனிதர் மறைந்தால், அந்தச் செய்திக்கு மறுபிரதி இல்லை.