எலுமிச்சைச் சொறி: ஒரு பாக்டீரியா கப்பல் ஏறின கதை

ஓசூர்ல ஒரு புது பைக் ஷோரூமை விட்டு வெளிய வரணும்னா, முதல்ல அதோட டயருக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கணும். ஆயுத பூஜை வாரத்துல சிப்காட் பக்கம் போனா லேத், ஃபோர்க்லிஃப்ட், கம்பெனி பஸ் எல்லாத்து மேலயும் எலுமிச்சைதான். அன்னைக்கு மார்க்கெட்ல பழம் பொறுக்கும்போது ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. சில பழத்துத் தோல்ல பழுப்பா, சொரசொரப்பா, நடுவுல குழி விழுந்த மாதிரி புள்ளிகள் இருக்கும். அதை ஒதுக்கி வச்சுட்டு நல்ல பழமா எடுப்போம். உள்ளே சாறு நல்லாத்தான் இருக்கும், ஆனா விவசாயிக்கு விலை கிடைக்காது. அந்தப் புள்ளிக்குப் பேரு சொறி. இன்னைக்கு எபிசோடு அந்தச் சொறியோட பூர்வீகம் பத்தி. அது கொஞ்சம் நம்ம பூர்வீகமும்தான்.

யார் இந்தச் சாந்தோமோனாஸ்?

சொறியை உண்டாக்குறது சாந்தோமோனாஸ் சிட்ரி என்கிற பாக்டீரியா. மழையில தெறிச்சு, காத்துல அடிச்சு, பக்கத்து இலைக்குப் போகும். இலைத்துளை வழியா நுழையும். இல்லைன்னா முள் கிழிச்ச காயம், இலைத்துளைப்பான் புழு போட்ட சுரங்கம் வழியா நுழையும்.

உள்ளே போனதும் அது செய்யற வேலை எங்க துறை ஆளுங்களுக்கு நல்லாவே புரியும். ஊசி மாதிரி ஒரு உறுப்பை வச்சு, ‘பிடிஎச்ஏ’ என்கிற புரதத்தை மரத்தோட செல்லுக்குள்ள செலுத்துது. அந்தப் புரதம் நேரா செல்லோட உட்கருவுக்குப் போய், மரத்தோட சொந்த மரபணு ஒண்ணை, ‘லாப்1’னு பேரு, ஆன் பண்ணிடுது. அதாவது வேற ஒருத்தரோட சர்வர்ல புகுந்து, அவங்க கோடையே ஓட விடுற மாதிரி. மரத்தோட செல்கள் வீங்கிப் பெருகுது, தோல் வெடிக்குது, வெடிச்ச இடத்துல இருந்து கோடிக்கணக்குல பாக்டீரியா கசியுது. அடுத்த மழைக்கு அது ரெடி.

அமெரிக்கா வெட்டின மரங்கள்

இந்த நோய் உலகத்துக்குப் பெருசா தெரிய வந்தது அமெரிக்காவுலதான். 1910-களில் ஜப்பான்ல இருந்து போன நாற்றுகளோட அது அங்க நுழைஞ்சது. முதல்ல பூஞ்சைன்னு நினைச்சாங்க. இல்லை, பாக்டீரியான்னு 1915-ல நிரூபிச்சவர் கிளாரா ஹாஸ், அமெரிக்க வேளாண் துறையில வேலை பார்த்த ஒரு பெண் விஞ்ஞானி. ஃப்ளோரிடா மரங்களை எரிச்சு, 1933-ல நோயை ஒழிச்சுட்டோம்னு அறிவிச்சது.

அதே 1933-ல இன்னொரு விஷயம் நடந்தது. ஃபாசெட், ஜென்கின்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்து, அமெரிக்க ஹெர்பேரியங்கள்ல இருந்த பழைய சிட்ரஸ் இலைகளைத் தேடிப் பார்த்தாங்க. ஹெர்பேரியம்னா காய்ந்த செடிகளை அட்டையில ஒட்டி, எங்க, எப்போ எடுத்ததுன்னு எழுதி வைக்கிற இடம். அங்க இந்தியாவுல 1827-க்கும் 1831-க்கும் நடுவுல பறிச்ச நார்த்தை வகை இலைகள்ல சொறி இருந்தது. ஜாவாவுல 1840-கள்ல எடுத்த எலுமிச்சை இலையிலயும் இருந்தது. ஜப்பான் வெறும் நடுவழி ஸ்டாப், வண்டி கிளம்பினது எங்கேயோ தெற்கு ஆசியாவுலன்னு முதல் துப்பு கிடைச்சது இப்படித்தான்.

ஃப்ளோரிடாவுக்குச் சொறி திரும்ப வந்துச்சு. 1995-ல மயாமி பக்கம் கண்டுபிடிச்சாங்க. நோய் வந்த மரத்தைச் சுத்தி 1,900 அடிக்குள்ள இருக்கிற எல்லா சிட்ரஸ் மரத்தையும், நல்லா இருந்தாலும், வெட்டணும்னு விதி போட்டாங்க. வீட்டுக் கொல்லையில இருந்த மரத்தையும் விடலை, கோர்ட் கேஸ் வரைக்கும் போச்சு. 2005-ல வில்மா புயல் அடிச்சு பாக்டீரியாவை ஊர் முழுக்கத் தூவிடுச்சு. 2006 ஜனவரியில ஒழிப்புத் திட்டத்தையே கைவிட்டாங்க.

ஒரே சொறி இல்லை

பார்க்க ஒரே மாதிரி புள்ளின்னாலும் பாக்டீரியாவுல பல வகை இருக்கு. ‘ஏ’ வகை கிட்டத்தட்ட எல்லா சிட்ரஸ் மரத்தையும் தாக்கும். ‘ஏ-ஸ்டார்’ வகை முக்கியமா நம்ம நாட்டு எலுமிச்சை இனத்தை மட்டும் பிடிக்கும். சவூதி, ஓமன், ஈரான், இந்தியா பகுதிகள்ல இருந்து அதை 1998-ல விவரிச்சாங்க. அதுக்கு நெருங்கின சொந்தக்காரன் ‘ஏ-டபிள்யூ’. ஃப்ளோரிடாவோட வெலிங்டன் ஊர்ல கண்டுபிடிச்சதால அந்த ‘டபிள்யூ’.

இந்த ஏ-டபிள்யூ ஏன் பம்ப்ளிமாஸோட சொந்தமான கிரேப்ஃப்ரூட்டைத் தொடறதில்லை? அதுகிட்ட ஒரு மரபணு கூடுதலா இருக்கு. அந்த மரபணு உண்டாக்குற புரதத்தைக் கிரேப்ஃப்ரூட் அடையாளம் கண்டு, அந்த இடத்துச் செல்லைத் தானே சாகடிச்சு, பாக்டீரியாவை முடக்கிடும். அந்த ஒரு மரபணுவை எடுத்துட்டா, அதே பாக்டீரியா கிரேப்ஃப்ரூட்லயும் சொறி போடுது. ஒரு மரபணு இருக்கிறதும் இல்லாததும்தான் எந்தத் தோட்டம் பாதிக்கும்னு முடிவு பண்ணுது.

2014-ல ஒரு உலகளாவிய ஆய்வு பல நாட்டு மாதிரிகளை ஒப்பிட்டுச்சு. உலகம் முழுக்கப் பரவினது பெரும்பாலும் ஒரே ஒரு கிளைதான்னு அது காட்டுச்சு. ஆசியாவுலயோ பல கிளைகள். இது சாதாரண லாஜிக்தான். ஒரு குடும்பத்தோட பூர்வீக ஊர்ல பங்காளிங்க நிறைய பேர் இருப்பாங்க. வெளிநாட்டுல ஒருத்தரோட வாரிசுகள் மட்டும் இருப்பாங்க.

1937-ஆம் வருஷத்து இலை

இப்போ கதையோட முக்கியமான இடத்துக்கு வரோம். 2021-ல ரீயூனியன் தீவு, பாரிஸ் ஆய்வாளர்கள் குழு ஒண்ணு, மொரீஷியஸ்ல 1937-ல பறிச்ச ஒரு ஹெர்பேரியம் இலையில இருந்து இந்தப் பாக்டீரியாவோட முழு ஜெனோமை எடுத்தாங்க. பயிர் நோய் பாக்டீரியாவுல இப்படி ஒரு பழைய ஜெனோம் எடுத்தது அதுதான் முதல் தடவை. பழைய டிஎன்ஏ காலப்போக்குல ஓரங்கள்ல குறிப்பிட்ட விதமா சிதையும். அந்தச் சிதைவைப் பார்த்துத்தான் இது புதுசா ஒட்டினது இல்லை, பழசுன்னு உறுதி பண்றாங்க.

இதை கிட் லாக் மாதிரி யோசிங்க. பாக்டீரியா பெருகும்போது கொஞ்சம் கொஞ்சமா மாற்றம் சேரும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். ஆனா அந்த கமிட்டுகள்ல தேதி இருக்காது. 1937-னு தேதி போட்ட ஒரு இலை கிடைச்சா, அதை இன்னைக்கு இருக்கிற மாதிரிகளோட ஒப்பிட்டு, எவ்வளவு வருஷத்துக்கு எத்தனை கமிட்னு கணக்குப் போட்டு, பின்னாடி போகலாம். அப்படிப் போனா, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குச் சொறி வந்தது 19-ஆம் நூற்றாண்டுன்னு வருது.

2023-ல அதே குழு 13 பழைய ஜெனோம்களை வச்சு இன்னும் பின்னாடி போச்சு. பாக்டீரியா தெற்கு ஆசியாவுல சுமார் 11,500 வருஷத்துக்கு முன்னாடி உருவாச்சு, 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கிளைகளா பிரிஞ்சதுன்னு மதிப்பிட்டாங்க. ஓசூர் பக்கத்துக் குந்தாணியில ஹொய்சாள ராமநாதன் தலைநகர் வச்சிருந்த அதே நூற்றாண்டு. அதுக்கப்புறம் வணிகமும் காலனியும் அதை உலகம் பூரா கொண்டு போயிருக்கலாம்னு சொல்றாங்க.

கிட் ப்ளேம்

மொரீஷியஸ் ஆய்வுல இன்னொரு வரி இருக்கு. அடிமை முறை ஒழிஞ்சதுக்கு அப்புறம் நடந்த மனித இடப்பெயர்வோட இது தொடர்பா இருக்கலாம் என்கிற வரி. யாரோட இடப்பெயர்வு? மொரீஷியஸ்ல அடிமை முறை 1835 பிப்ரவரி 1-ல முடிஞ்சது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும். 1834-ல இருந்து 1920 வரை கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவுல இருந்து அங்க இறங்கினாங்க. அவங்க இறங்கின ஆப்ரவாசி காட் இப்போ உலகப் பாரம்பரியச் சின்னம். அவங்கள்ல பல ஆயிரம் பேர் சென்னைத் துறைமுகத்துல ஏறின தமிழர்கள். பக்கத்து ரீயூனியனுக்குப் புதுச்சேரி, காரைக்கால்ல இருந்து போனாங்க.

இதைப் படிச்சதும் ‘கூலிகள் கொண்டு போன நோய்’னு தலைப்பு போட யாருக்கும் கை வரும். கிட்-ல ஒரு கமாண்டுக்கே ‘ப்ளேம்’னு பேரு. ஒரு வரியை யார், எப்போ எழுதினாங்கன்னு அது காட்டும். பாக்டீரியா ஜெனோம்ல ‘எப்போ’ மட்டும்தான் இருக்கு. ‘யார்’ இல்லை.

இந்தப் பாக்டீரியா விதை வழியா பரவுறது இல்லை. உயிரோட இருக்கிற செடியோ, சொறி பிடிச்ச இலையோ பழமோ போகணும். ஒரு மூட்டையோட கப்பலோட அடித்தளத்துல வாரக்கணக்கா போனவர் கையில எலுமிச்சம்பழம் இருந்திருக்கலாம், மறுக்கலை. ஆனா செடியைத் தொட்டியில வச்சு, தண்ணி ஊத்தி, கடல் தாண்டிக் கொண்டு போற வசதி யாருக்கு இருந்தது? செடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு அனுப்புற வார்டியன் பெட்டியைக் கப்பல்ல முதன்முதலா சோதிச்சது 1833-ல. அதாவது கூலிக் கப்பலும் கண்ணாடிப் பெட்டியும் ஒரே காலம். அதுக்கும் முன்னாடி, 1770-லயே, பியர் புவாவ்ர் என்கிற பிரெஞ்சு நிர்வாகி ஆசியச் செடிகளைக் கொண்டு வந்து மொரீஷியஸ்ல ஒரு பெரிய தோட்டத்தை வளர்த்தார். அந்த ஊரோட பேரே பாம்ப்ளெமூஸ். நம்ம பம்ப்ளிமாஸேதான்! அந்தச் சொல் தமிழ்ல இருந்து டச்சுக்குப் போச்சா, டச்சுல இருந்து தமிழுக்கு வந்துச்சான்னு இன்னும் சண்டை இருக்கு.

அதனால நான் அந்த வரியை இப்படித்தான் வாசிக்கிறேன். நோயைக் கொண்டு போனது ஒரு போக்குவரத்து முறை. அந்தப் போக்குவரத்தை நடத்தினது கரும்பு முதலாளிகளும் கப்பல் கம்பெனிகளும். ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் ஆள் வந்து நடக்கிற ஒரு தொழில் ஊர்ல இருந்து இதைச் சொல்றேன். இங்க எது கெட்டாலும், ‘வெளியூர்க்காரங்க வந்த பிறகுதான்’ என்கிற பேச்சு ரொம்பச் சுலபமா வந்துடுது.

இப்போ என்ன?

பூர்வீகம் இங்கன்னா, ஃப்ளோரிடா மாதிரி வெட்டி ஒழிக்கிறது நமக்குப் பொருந்தாது. அதோட வாழப் பழகணும்: சொறி இல்லாத நாற்று, பாதிச்ச கிளையை மழைக்கு முன்னாடி கவாத்து பண்றது, தாமிர மருந்து, இலைத்துளைப்பானைக் கட்டுப்படுத்துறது, காத்துத் தடுப்பு மரங்கள். எதிர்ப்பு உள்ள எலுமிச்சை ரகம் உருவாக்கறவங்க ஒரே ஒரு பாக்டீரியாவை வச்சு சோதிச்சா போதாது, இங்க இருக்கிற பல கிளைகளையும் வச்சுப் பார்க்கணும். நாற்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்க. ஓசூர் ஜூஜூவாடியில இருந்த வரி செக்போஸ்ட் ஜிஎஸ்டி வந்ததும் போயிடுச்சு. பாக்டீரியாவுக்கு எந்தக் காலத்துலயும் அங்க செக்போஸ்ட் இருந்தது இல்லை.

கோயம்புத்தூர்ல மெட்ராஸ் ஹெர்பேரியம்னு ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, காய்ஞ்ச இலைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கட்டடம்னு கேட்காதீங்க. 1937-ல ஒரு இலையைப் பறிச்சவர் பக்கத்துல தேதியை எழுதி வைக்கலைன்னா, இந்த எபிசோடே இல்லை.

உங்க ஊர்ல சொறிக்கு வேற பேரு இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.