சொன்னவர்களின் கணக்கு

2012 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று குறித்தவர்கள் 5 சதவீதம். அவர்களில் 76 சதவீதம் ஒபாமாவுக்கு, 22 சதவீதம் ராம்னிக்கு. மற்றவர்களின் வோட்டு ஆளுக்கு 49 சதவீதமாகச் சமமாகப் பிரிந்திருந்தது. ஒபாமாவை ஜெயிக்கவைத்தது இந்த 5 சதவீதம்தான் என்று எழுதினார்கள். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் இந்த 5 என்ற எண் எப்படி உண்டாயிற்று என்பதில்தான் சரித்திரம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

வோட்டு வங்கி என்ற சொல்லை எம். என். ஸ்ரீநிவாஸ் 1955-ல் ஒரு மைசூர் கிராமத்தைப் பற்றி எழுதியபோது பயன்படுத்தினார். அங்கே யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். சாதியும் மதமும் பிறந்த வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. தன்பாலீர்ப்பாளரோ தன் வீட்டிலேயே தனி. பத்து வீடு தள்ளி இன்னொருவர் இருக்கலாம், இருவருக்கும் தெரியாது. இவர்கள் ஒரு தொகுதியாவதற்கு முன் ஒவ்வொருவரும் தாம் இன்னார் என்று சொல்லியாக வேண்டும். அதுவும், சொன்னால் வேலை போகும் என்றிருந்த நாட்டில். 1953-ல் ஐஸன்ஹோவர் பிறப்பித்த உத்தரவு இவர்களை மத்திய அரசு வேலைகளிலிருந்து விலக்க வழிசெய்தது.

1961-ல் ஹோஸே ஸாரியா ஸான்பிரான்ஸிஸ்கோ நகரசபைக்குப் போட்டியிட்டார். மதுக்கடையொன்றில் பெண் வேஷத்தில் பாடிவந்தவர். தோற்றார், ஆனால் சுமார் 5,600 வோட்டு விழுந்தது. போட்டவர்கள் எல்லோரும் தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்வதற்கில்லை. பெயர் சொல்லாமல் எண்ணப்பட ஒரு வழி, ரகசிய வோட்டுச் சீட்டு, இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

தேசிய அரசியலுக்கு அது போதவில்லை. 1972-ல் மையாமி பீச்சில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜிம் ஃபாஸ்டரும் மேடலின் டேவிஸும் தங்கள் அடையாளத்தைச் சொல்லிப் பேசினார்கள். விடியப்போகும் நேரத்தில், நாடு தூங்கிக்கொண்டிருக்கையில். தீர்மானம் தோற்றது. 1978-ல் கலிஃபோர்னியாவில் இவர்களைப் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து விலக்கும் தீர்மானம் வோட்டுக்கு வந்தது. நிறைவேறிவிடும் என்றே முதலில் கணிப்புகள் காட்டின. பெற்றோரிடமும் நண்பரிடமும் அண்டை வீட்டாரிடமும் போய்ச் சொல்லுங்கள் என்றார் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க். 58 சதவீதம் பேர் தீர்மானத்தை எதிர்த்தார்கள். ரீகனும் எதிர்த்திருந்தார் என்பதை மறக்கக்கூடாது. இருபதாம் நாள் மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1992-ல் கிளிண்டன் இவர்களிடம் வெளிப்படையாக வோட்டும் பணமும் கேட்டார். ராணுவத்தில் இவர்களுக்கிருந்த தடையை நீக்குவதாக வாக்களித்தார். தம்மைக் குறித்துக்கொண்டவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் அவருக்குப் போட்டார்கள். 1993-ல் கிடைத்தது, தாம் யாரென்று சொல்லாதவரை ராணுவத்தில் இருக்கலாம் என்ற ஏற்பாடு. சொன்னதனால் வோட்டாளர் தொகுதியானவர்களுக்குக் கிடைத்த கூலி, இனிச் சொல்லாதே என்பது! 1996-ல் மத்திய அரசு இவர்களுடைய திருமணத்தை ஏற்காது என்ற சட்டத்திலும் அவரே கையெழுத்திட்டார்.

2004-ல் நிலைமை தலைகீழ். ஒரே நாளில் 11 மாநிலங்களில் இவர்களுடைய திருமணமே வோட்டுச் சீட்டில் கேள்வியாக நின்றது. பதினொன்றிலும் தடை நிறைவேறியது. ஒஹையோவில் புஷ் ஜெயித்தது இதனால்தான் என்று அன்று பேசினார்கள். ஆய்வாளர்கள் பலர் பின்னால் இதை ஏற்கவில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த வருஷமும் இவர்களில் 23 சதவீதம் பேர் புஷ்ஷுக்கே வோட்டளித்திருந்தார்கள். தன் வாழ்க்கையைக் கேள்வியாக்கிய கட்சிக்கே ஒருவர் வோட்டுப் போட வரி இருக்கலாம், யுத்தம் இருக்கலாம், தேவாலயம் இருக்கலாம். வங்கி என்ற உவமை இங்கே உடைந்துபோகிறது. போட்டுவைத்த பணம் தானாக வோட்டுப் போடுவதில்லை.

மே 2012-ல் ஒபாமா திருமண உரிமையை ஆதரித்துப் பேசினார். நவம்பரில் மெய்ன், மேரிலாண்ட், வாஷிங்டன் மாநில மக்கள் வோட்டளித்து அதை ஏற்றார்கள். 2015-ல் உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஆக்கியது. அந்த வெற்றியை 5 சதவீதத்தின் பேரில் எழுதிவிட முடியாது. மகன் சொல்லிவிட்டான் என்பதற்காக மனம் மாறிய தாயின் வோட்டு, மற்றவர்களின் 49-ல் அல்லவா சேர்ந்திருக்கிறது?

வாசல் கணிப்புத் தாளைத் தனியாக நிரப்பி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். பெயர் கிடையாது. அப்படியும் அந்தக் கேள்வியில் உண்மையைக் குறிக்கக் கை வராதவர்கள் இருந்திருப்பார்கள். வங்கியில் கணக்கு நேராகாமல் மாலையில் வீட்டுக்குப் போக முடியாது. இந்தக் கணக்கை நேராக்கிவிட்டதாக யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.