புழுங்கல் அரிசியும் மரத்துப்போன பாதமும்

மலாயாவில் நரம்பு நோயின் வரலாறு நீரிழிவுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. நூறாண்டுக்கு முன் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைச் சாய்த்தது. முதலில் பாதம் மதமதக்கும், கெண்டைக்கால் நோகும், நடை தள்ளாடும், முற்றினால் இதயமே நின்றுபோகும். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழரைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907-ல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை முக்கியச் சான்றாக முன்வைத்தார். அதே ஆண்டு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு பக்கம் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வெள்ளை அரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார்கள். வெள்ளை அரிசி தின்ற பிரிவில்தான் நோய் கண்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்து மணிக்குள் இறங்குகிறது. அது வைட்டமின் பி1 என்பது பின்னாளில் தெரியவந்தது. நோயைத் தடுக்கும் வழி அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

கெடா மாநிலத்தின் கூலிம், லூனாஸ், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பால் வெட்டிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு வழியாக அதே மரத்துப்போன பாதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் 18 வயது நிரம்பிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்கும் சர்க்கரை நரம்பையும், நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதம்வரை போகிறவை; அதனால் அங்கேதான் முதல் அடி விழுகிறது. இரவில் எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, பிறகு ஒன்றுமே தெரியாத நிலை. ஆணி குத்தினாலும் உணராத காலில் புண் வளர்ந்து, விரலையோ காலையோ எடுக்கும்வரை போகிறது.

நீரிழிவு நம் ரத்தத்தில் ஊறியது, என்ன செய்ய முடியும் என்பவர்கள் உண்டு. தெற்காசியருக்கு நீரிழிவு எளிதாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் மரபணு மூன்று தலைமுறையில் மாறுவதில்லை, வாழ்க்கை மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன, பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன, 1996-ல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. மைல் கணக்கில் நடந்து உழைத்த உடல் ஷிப்டு வேலைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறியது. இன்னொரு மறுப்பு கனமானது: அக்காலத்தவர் நீரிழிவு வரும் வயதுவரை வாழவே இல்லை, மலேரியாவும் வயிற்றுப்போக்கும் முந்திக்கொண்டன என்பது. இதை மறுக்க மாட்டேன். தோட்டத்து லயன் வீட்டு வாழ்வைப் பொற்காலமாக்குவது செத்தவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆயினும் இன்று நாற்பது வயதுக்காரர்களுக்கும் வரும் நோயை ஆயுள் நீண்டதால் வந்தது என்று மட்டும் சொல்லி முடிக்க இயலாது. வாயைக் கட்டாதவர்களின் குற்றம் என்பது மூன்றாவது பேச்சு. சீனிக்கு அரசே 2013 வரை மானியம் தந்தது. இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது 2019 ஜூலையில்தான். மலிவாக்கி ஊட்டப்பட்ட ஒன்றைத் தின்றதற்குத் தின்றவரை மட்டும் குறை சொல்வது நியாயமா? பெரிபெரி காலத்தில் சுரங்கத் தொழிலாளியின் நாக்கை யாரும் திருத்தப் போகவில்லை. பங்கீட்டு அரிசியை மாற்ற வேண்டும் என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

தின்பவரை விட்டு, ஊட்டுபவரைக் கேள்வி கேட்கும் கூட்டு முயற்சி கெடாவுக்குப் புதிதல்ல. போர் முடிந்தபின் 1946-47-ல் ஏ. எம். சாமி தலைமையிலான தொண்டர் படை தோட்டங்களின் கள்ளுக்கடைகளை மறித்தது. 1947-ல் பீடோங் ஆர்வார்ட் தோட்டத்தில் போலீசோடு மோதல் வரை போனது. குடியை ஒவ்வொருவரின் பலவீனமாக விட்டுவிடாமல், கடையை நடத்த இடம் கொடுத்தவர்களிடம் போய்க் கேள்வி கேட்ட இயக்கம் அது. நீரிழிவு விஷயத்தில் அந்தத் துணிவு இன்னும் வரவில்லை. கோயில் அன்னதானத்தில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில், ஆலைக் கேண்டீனில் என்ன பரிமாறப்படுகிறது என்று கேட்கும் சங்கங்கள் நமக்கு வேண்டும்.

கெட்ட நரம்பு பெரும்பாலும் மீளாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் சேதம் முற்றாமல் தடுக்கலாம், எரிச்சலைத் தணிக்க மருந்தும் உண்டு. எல்லா மரப்பும் சீனியால் வருவதில்லை: நீரிழிவுக்கு நெடுநாள் மெட்பார்மின் மாத்திரை உண்போருக்கு வைட்டமின் பி12 குறையலாம், சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடிப்போருக்கு அந்தப் பழைய பி1 குறைவே திரும்பலாம். எனவே நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அரசு கிளினிக்கில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கச் சில நிமிடமே ஆகும். உணர்வு குறைந்திருந்தால் தீமிதியும் வெறுங்காலோடு காவடி நடையும் வேண்டாம். முருகனும் மாரியம்மனும் அதைப் பொறுத்துக்கொள்வார்கள்.