சலவைப் பெண்ணின் தலைமருந்து

சுருட்டை முடியின் அழகைப் புகழ்வோர் பலர். அதைப் பேணும் பாடு அதைச் சுமப்போருக்கே தெரியும். நேர்முடியில் மண்டைத் தோல் சுரக்கும் எண்ணெய் நுனிவரை எளிதாக இறங்கிவிடும். சுருள்முடியிலோ அது வளைவுதோறும் தடைப்பட்டு அடியிலேயே தேங்குகிறது. வேரில் பிசுக்கும் பொடுகும், நுனியில் வறட்சியும் என ஒரே தலையில் இருவகைத் துன்பம். நம்மில் பலர் முடியைத்தான் கவனிக்கிறோம். அது முளைக்கும் நிலத்தை மறந்துவிடுகிறோம்.

அந்நிலத்தைக் கவனித்த ஒரு பெண்மணியின் வரலாறு இது. 1867 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டெல்டா என்னும் சிற்றூரில் சாரா பிரீட்லவ் பிறந்தார். பெற்றோர் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாய் இருந்தவர்கள். விடுதலைக்குப் பின் அக்குடும்பத்தில் பிறந்த முதற் குழந்தை இவர். ஏழு வயதில் அநாதை, பதினான்கில் மணம், இருபதில் கைம்மை. பெண் குழந்தையுடன் செயின்ட் லூயிஸ் நகரம் சென்று துணி வெளுத்துப் பிழைத்தார். அங்கேதான் அவர் முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது.

அவர் ஒருவருக்கு மட்டும் வந்த நோயன்று அது. ஏழைக் கறுப்பினத்தார் வீடுகளில் குழாய்நீர் இல்லை. தலை கழுவுவதே அரிது. கழுவினாலும் தோலை அரிக்கும் காரச் சோப்பு. ஊரார் துணியை நாள்தோறும் அலசிய கைகளுக்குத் தம் தலையை அலச வசதி வாய்க்கவில்லை.

அதே நகரில் ஆனி டர்ன்போ என்னும் கறுப்பினப் பெண்மணி தலைமருந்து விற்றுவந்தார். சாரா முதலில் அவருடைய முகவராகவே இருந்தார். பெரும்பாலான கதைகள் இதை விழுங்கிவிடுகின்றன, அது நீதியன்று. 1905இல் டென்வர் சென்ற சாரா, மறு ஆண்டு சார்ல்ஸ் வாக்கரை மணந்து, 'மேடம் சி. ஜே. வாக்கர்' என்னும் பெயரில் சொந்தக் களிம்பை விற்கலானார். மருந்தின் கலவையைக் கனவில் அறிந்ததாக அவர் சொல்லிவந்தார். கனவு விளம்பரத்துக்கு உதவியிருக்கலாம். ஆனால் அதிலிருந்த கந்தகமும் பெட்ரோலியக் களிம்பும் முன்பே அறியப்பட்டவை. கந்தகம் செதிலை உதிர்க்கும், பூஞ்சையையும் ஒடுக்கும். என் கருத்தில், களிம்பைவிட அவர் கற்பித்த முறையே பெரிது: அடிக்கடி கழுவித் தோலைத் தூய்மை செய்க, பிறகே மருந்திடுக. பொடுகுத் தலையில் எண்ணெயை மேலும் மேலும் தேய்க்கும் நம் வீட்டுப் பெரியோர் இதைச் சற்றுச் சிந்திக்கலாம். அவ்வெண்ணெயே பொடுகுக்குரிய பூஞ்சைக்கு உணவாகிறது என்கிறது இன்றைய மருத்துவம்.

(தலை கழுவ இன்று நாம் வாங்கும் 'ஷாம்பூ'வின் பெயரே நம் நாட்டினின்று சென்றதுதான். அச்சொல்லைப் பிரைட்டன் நகரில் பரப்பியவர் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது. ஆனால் அவர் செய்தது உடம்பு பிடித்துவிடும் தொழில்.)

சுருள்முடியை நேராக்கி வெள்ளையரைப் போலாகக் கற்பித்தார் என்னும் பழியும் வாக்கர் அம்மையார்மேல் உண்டு. சூட்டுச் சீப்பை அவர் பயன்படுத்தியது மெய். கண்டுபிடித்தார் என்பது பொய். 'முடி நேராக்குபவர்' என்று அழைக்கப்படுவதையே அவர் வெறுத்தார்.

1910இல் இண்டியானாபொலிஸ் நகரைத் தம் தொழிலுக்குத் தலைமையிடமாக்கினார். வெள்ளையர் வீட்டுச் சமையலறையும் சலவைத் தொட்டியுமே கதியென்றிருந்த கறுப்பினப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய முகவராயினர். 1919இல், 51ஆம் வயதில் அவர் மறைந்தார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1917இல், பிலடெல்பியாவில் அம்முகவர்களின் மாநாட்டைக் கூட்டியிருந்தார். விற்பனையில் சிறந்தோருக்கு மட்டுமன்றி, அறப்பணிக்கு வாரி வழங்கியோருக்கும் அங்கே பரிசளித்தார். தலைமுடி பற்றிப் பேசக் கூடிய அந்தப் பெண்கள், கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்துக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பிவிட்டே கலைந்தனர்.