மூணாங்கிளாஸ் படிச்ச பிரின்சிபால்

இந்த எபிசோடு சேறு அப்பின ஒரு மோட்டார்ல ஆரம்பிக்குது.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி வந்தது. எங்க ஆத்தூர்ல வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தண்ணிக்குள்ள. வெள்ளம் வடிஞ்சு நான் ஊருக்குப் போனப்போ சித்தப்பா தன் பம்ப்செட்டைக் காட்டி, "நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் பாரேன்"ன்னார். ஸ்டார்-டெல்டா பத்தி நான் பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன். ஆனா அந்த மூடியைக் கழற்ற எந்த ஸ்பேனர் வேணும்னு தெரியல.

ரீவைண்டிங் கடை அண்ணாச்சிதான் காப்பாத்தினார். பேரிங்கை உருவி, காயிலைக் காய வச்சு, மெகர் போட்டு இன்சுலேஷன் பார்த்தார். "இது தேறும் தம்பி, வார்னிஷ் அடிச்சாப் போதும்." பக்கத்துல இருந்த இன்னொரு மோட்டாருக்கு, "இது போச்சு, புதுசா சுத்தணும்." அவர் கூட நின்னு வேலை செஞ்சது சித்தப்பா பையன், என் தம்பி. பத்தாவது முடிச்சதுல இருந்து அந்தக் கடையிலதான் இருக்கான்.

2025 ஆகஸ்ட் 4-ம் தேதி தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தாங்க. அன்னையிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான்: "அண்ணே, எனக்கு வேலை தெரியும். கையில பேப்பர் இல்லை. நான் என்ன செய்ய?"

இந்தக் கேள்விக்குக் குறைஞ்சது எண்பது வருஷ வரலாறு இருக்கு. அதுக்கு நாம கோயம்புத்தூர் போகணும்.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. அங்கே பஞ்சாலைகள் இருந்தன, ஆழமான கிணறுகள் இருந்தன. ரெண்டுக்கும் மோட்டார் வேணும், அது கப்பல்ல வரணும். 1937-ல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்ளூரிலேயே ஒரு மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார்னு சொல்றது அதைத்தான்.

நாயுடு 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூணாம் வகுப்போட சரி. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர்கிட்ட மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து அதையே வாங்கி, பிரிச்சுப் போட்டுக் கத்துக்கிட்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோட பொள்ளாச்சி-பழனி ரூட்ல தொழிலை ஆரம்பிச்சார்.

அப்படிப்பட்டவர் 1940-களில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமா இருந்து, அதுக்குத் தலைமையும் ஏற்றார். அவர் கட்சி இதுதான்: இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் எதுக்கு? பட்டறையில வச்சுக் கத்துக் கொடுத்தா ரெண்டு வருஷம் போதும். அரசாங்கம் ஒத்துக்கல. நாயுடு விலகிட்டார். இன்னைக்கு நாம ஜிசிடின்னு சொல்ற அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான்.

இந்தக் கதையை முதல்ல படிச்சப்போ நான் முழுசா நாயுடு பக்கம். என் டிகிரியால ஒரு மூடியைக் கூடக் கழற்ற முடியலையே! ஆனா யோசிச்சுப் பார்த்தா எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கு.

பட்டறையில கத்துக்கணும்னா முதல்ல உங்களை உள்ளே விடணும். அதுக்கு முதலாளி தெரிஞ்சவரா, சொந்தக்காரரா இருக்கணும். என் தம்பிக்கு அந்தக் கதவு திறந்தது சித்தப்பாவுக்கு அண்ணாச்சி பழக்கம்கிறதால. அதே தெருவுல ஒரு பொண்ணு போய்க் கேட்டிருந்தா ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருப்பாங்களா? 1950-ல் வந்த கைவினைஞர் பயிற்சித் திட்டம், அதாவது நம்ம ஐடிஐ, பத்தாவது மார்க் ஷீட்டோட வர்ற யாருக்கும் அந்தக் கதவைத் திறந்தது. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டம், கம்பெனிக்குள்ளேயே உதவித்தொகையோட பயிற்சி கொடுக்க வச்சது. நாயுடு கேட்ட பட்டறையும் அரசாங்கம் கேட்ட பேப்பரும் அங்கேதான் சந்திச்சது.

இன்னொண்ணு. பேரிங் போயிருக்கான்னு சத்தத்தை வச்சே அண்ணாச்சி சொல்லிடுவார். ஆனா மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர்ல ஓடுறது நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி. அங்கே தொட்டுப் பார்த்துக் கத்துக்க முடியாது. டிராயிங் படிக்கணும், போல்ட்டை வரைபடத்தில் சொன்ன டார்க்குக்குத்தான் முறுக்கணும், சென்சாரும் பிஎல்சியும் புரியணும். அதை யாராவது முறையா சொல்லிக் கொடுத்தாகணும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? ரெண்டு வழி. ஒண்ணு, ஐடிஐ-ல எலக்ட்ரீஷியன், ரெண்டு வருஷம். அதை முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ. ரெண்டாம் வருஷம். ரெண்டாவது வழி பலருக்குத் தெரியாது. வேலை அனுபவம் உள்ளவங்க, வயசு மாதிரியான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வரா எழுதலாம். உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துல விசாரிங்க.

அதுக்கு அனுபவச் சான்று வேணும். போன வாரம் தம்பி அண்ணாச்சிகிட்ட கேட்டிருக்கான். அவர் பில் புக்கைத் திறந்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாராம். "என்னடே எழுதணும்? எனக்கே யாரும் எழுதித் தந்ததில்லையே."

அந்தத் தாளை ஏத்துக்குவாங்களான்னு அடுத்த திங்கக்கிழமை ரெண்டு பேரும் போய்க் கேட்கப் போறோம். ஏத்துக்கலைன்னா அவன் ஐடிஐ-க்கு விண்ணப்பம் போடுவான். 22 வயசுல, பத்தாவது முடிச்ச பசங்களோட ஒரே பெஞ்சுல. கூச்சமா இருக்காதான்னு கேட்டேன். "மோட்டார் நான் சொல்லித் தாரேன், டிராயிங் அவங்க சொல்லித் தரட்டும்"ங்கிறான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.