40 கிலோபைட்டில் ஓர் உலகம்

 

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, சோழர் காலத்து ஏரிகளைப் பற்றியோ பழைய கோட்டைகளைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு நம்மிடையே தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் டிவி கேம். சிரிக்காதீங்க! விளையாட்டுச் சாமான்தானே என்று ஒதுக்கிவிட முடியாத பொறியியல் அதற்குள் இருக்கிறது. அதைச் செய்தவர்களின் கதை, நம்மைப் போன்ற என்ஜினீயர்கள் எல்லோரும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய கதை.

90களின் கடைசியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டு ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும். மேலே ஒரு பள்ளம், அதில் செருக ஒரு கேசட், இரண்டு ரிமோட், சில பெட்டிகளோடு ஒரு துப்பாக்கி. கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று அச்சடித்திருப்பான். உள்ளே போய்ப் பார்த்தால் அதே சில ஆட்டங்கள் வேறு வேறு கட்டத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும்! படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து "ஃபூ" என்று ஊதிச் செருகுவோம். வேலை செய்தது ஊதினதால் இல்லை, கழற்றித் திரும்பச் செருகியதில் முனைகள் சரியாக உட்கார்ந்ததால்தான். எச்சில் ஈரம் பட்டால் முனைகள் அரித்துப்போகும் என்பதுதான் உண்மை.

அந்தப் பெட்டிகள் அனுமதி பெறாத நகல்கள். அசல் ஜப்பானில் பிறந்தது. பல கேசட்டுகளில் தலைப்புத் திரையிலிருந்து அசல் கம்பெனியின் பெயரையே அழித்துவிட்டிருந்தார்கள். அதனால் நாம் வருடக்கணக்கில் விளையாடினோம், செய்தவர் யார் என்று மட்டும் தெரியாமலே!

சீட்டுக் கம்பெனியின் மெஷின் ஆள்

கியோட்டோ நகரில் 1889ல் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியது நின்டெண்டோ. 1965ல் அங்கே குன்பேய் யோகோய் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்ன தெரியுமா? சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பராமரிப்பது. ஓய்வு நேரத்தில் நீட்டினால் எட்டிப் பிடிக்கும் ஒரு மடக்குக் கை பொம்மையைச் செய்து வைத்திருந்தார். அது கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் பட்டது. திட்டு விழும் என்று பார்த்தால், "இதையே சரக்காகச் செய்" என்று உத்தரவு வந்தது. 1966ல் அது சந்தைக்கு வந்து நன்றாக விற்றது.

யோகோயின் கொள்கை ஒன்று உண்டு. புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. நன்கு பழகி, விலை இறங்கி, குறை நிறை எல்லாம் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து. கால்குலேட்டர் திரையையும் சிப்பையும் வைத்து 1980ல் அவர் செய்த கைவிளையாட்டுக் கருவி அப்படிப் பிறந்ததுதான். 1982ல் அந்த வரிசையில் வந்த ஓர் ஆட்டத்துக்காக அவர் வடிவமைத்த கூட்டல் குறி போன்ற பட்டனின் வாரிசுகளை இன்றும் விளையாட்டு ரிமோட்டுகளில் பார்க்கலாம்.

இன்னொருவர் மசாயுகி உயெமுரா. ஷார்ப் கம்பெனியில் ஒளிமின்கலங்களோடு வேலை பார்த்தவர். நின்டெண்டோவுக்கு அவற்றை விற்கப் போன இடத்தில் யோகோயோடு பழக்கமாகி, அந்தக் கலங்களை வைத்து ஒளித் துப்பாக்கி பொம்மை உருவாகி, பிறகு அங்கேயே சேர்ந்துவிட்டார். கேசட் மாற்றி விளையாடும் மலிவான பெட்டி ஒன்று வேண்டும் என்று யமாவுச்சி சொன்னபோது, அந்தப் பொறுப்பு உயெமுரா தலையில் விழுந்தது. 1983 ஜூலை 15ல் 14,800 யென் விலையில் ஃபாமிகாம் வெளிவந்தது. நம் ஊர் நகல்களுக்கெல்லாம் மூலவர் இவர்தான்!

உள்ளே இருந்த பிராசசர் 6502 குடும்பத்தைச் சேர்ந்தது. 8085 கிட்டில் ஆப்கோடைத் தேடித் தேடித் தட்டி, கடைசியில் ஒரு கூட்டல் கணக்கைப் போட்டுவிட்டு உலகையே வென்ற மாதிரி லேபிலிருந்து வெளியே வந்தோமே, அந்த 8085ன் சமகாலத்து ஆள். வேகம் சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்ய ரேம் 2 கிலோபைட். திரையில் ஒரே வரியில் 8 நகரும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதனால்தான் எதிரிகள் கூடினால் உருவங்கள் மினுக் மினுக்கென்று துடித்தன. டிவி கெட்டுப்போச்சு என்று வீட்டில் நமக்கு விழுந்த திட்டுக்கெல்லாம் காரணம் இதுதான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் இந்தத் தொழிலே படுத்துவிட்டது. தரமில்லாத ஆட்டங்கள் குவிந்து, வாங்குபவர்கள் வெறுத்துப்போனார்கள். விற்காத கேசட்டுகளை அட்டாரி கம்பெனி 1983ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குப்பைக் குழியில் புதைத்தது. கட்டுக்கதை என்றே பலர் நினைத்திருக்க, 2014ல் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் கிடைத்தன. இடிந்த அந்தச் சந்தைக்குள்தான் 1985ல் நின்டெண்டோ துணிந்து நுழைந்தது. இரு வடிவங்களும் சேர்ந்து உலகெங்கும் சுமார் 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன. ஜப்பானில் உற்பத்தி நின்றது 2003ல்தான்.

நான்கு ஆட்டங்கள்

இனி நம் நெஞ்சில் நின்ற நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சூப்பர் மரியோ. 1985 செப்டம்பர் 13ல் வெளிவந்தது. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்: கட்டளைகளுக்கு 32, படங்களுக்கு 8. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் ஏறக்குறைய 100 மரியோ ஆட்டங்களை அடைத்துவிடலாம். எப்படிச் சாத்தியம்? வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். முதலில் எதிர்ப்படும் அந்தக் காளான் பயல் நடப்பது, ஒரே படத்தை இடம் வலமாகப் புரட்டிக்கொண்டே இருப்பது. மரியோவுக்கு மீசை வந்ததே, 1981ல் முதன்முதலாக அவனை வரைந்தபோது, அத்தனை சிறிய உருவத்தில் வாய் வரைய இடமில்லை என்பதால்தான். தொப்பி, தலைமுடி வரைவதைத் தவிர்க்க. ஆக, பற்றாக்குறையிலிருந்து பிறந்தது அந்த முகம்!

அதைவிட முக்கியம், முதல் கட்டம் பாடம் நடத்தும் விதம். ஒரு வார்த்தை விளக்கமும் கிடையாது. இடது ஓரத்தில் வலப்பக்கம் பார்த்து மரியோ நிற்கிறான், எதிரே காலி இடம். போக வேண்டிய திசை புரிந்துவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் காளான் பயல். முட்டினால் செத்தோம், அடுத்த முறை குதிக்கிறோம். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாத பிள்ளையும் 2 நிமிடத்தில் கற்றுக்கொண்டது. நல்ல வாத்தியார் என்றால் இப்படி இருக்க வேண்டும். கோஜி கோண்டோவின் இசையோ, ஒரு சில ஒலித்தடங்களில் அடங்கியது. தாளத்துக்கு வெறும் இரைச்சல் ஒலியைத்தான் வெட்டிப் பயன்படுத்தினார். இன்றைக்கும் அந்த மெட்டைக் கேட்டால் கால் தானாக ஆடுகிறது.

இரண்டாவது, வாத்து சுடும் டக் ஹன்ட், 1984. தவறவிட்டால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து கெக்கெக்கே என்று சிரிக்குமே, அதே! துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டிவியில் படுகிறது என்று நினைத்தோம். நடப்பது தலைகீழ். விசையை அழுத்தியதும் கண்சிமிட்டும் நேரத்துக்குத் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக் குழாயில் இருக்கும் ஒளி உணரி இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால், அடி விழுந்ததென்று கணக்கு. பல்பைக் குறி வைத்து ஏமாற்றலாமா? முடியாது. முதலில் இருட்டு தெரிய வேண்டுமே! ஆனால் இந்தச் சூட்சுமம் பழைய பிக்சர் டியூப் டிவியை நம்பியது. இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது.

மூன்றாவது கான்ட்ரா. கொனாமி கம்பெனி, 1988. இருவர் சேர்ந்து விளையாடி, நண்பனின் உயிரைக் கடன் வாங்கிச் சண்டை போட்ட ஆட்டம். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அழுத்தினால் 30 உயிர்! இதைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986ல் கிராடியஸ் என்ற ஆட்டத்தைப் பெட்டிக்கு மாற்றும் வேலையில் இருந்தார். பரிசோதிக்க உட்கார்ந்தால் அவராலேயே விளையாட முடியவில்லை, அவ்வளவு கஷ்டம். தன் வசதிக்கு எல்லா ஆயுதங்களும் கிடைக்கும் ஒரு குறுக்கு வழியை வைத்தார். வெளியிடும்போது அதை நீக்கவில்லை. சோதனைக்கு வைத்த கருவியே ஒரு தலைமுறையின் மந்திரமாகிவிட்டது.

நான்காவது டெட்ரிஸ். இது ஜப்பான் சரக்கு இல்லை. 1984ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகக் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பாஜித்னோவ் எழுதியது. அவரிடமிருந்த கணினியில் படம் வரையவே வசதியில்லை; எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். 1989ல் யோகோயின் கேம்பாய் கையடக்கப் பெட்டியோடு சேர்ந்து இது உலகத்தைச் சுற்றியது. வண்ணத் திரையோடு வந்த போட்டிக் கருவிகள் பேட்டரியைத் தின்று தீர்க்க, மங்கலான 4 சாயைகள் மட்டும் கொண்ட கேம்பாய் நெடுநேரம் ஓடி ஜெயித்தது. பழகிய தொழில்நுட்பம் பற்றிய யோகோயின் கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் வருமானம்? உரிமை அரசிடம் இருந்ததால், எழுதியவருக்கு 1996ல்தான் உரிமை கைக்கு வந்தது.

பெயர் எங்கே?

இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு நூல் ஓடுவதைக் கவனித்தீர்களா? செய்தவன் பெயர் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அட்டாரி கம்பெனி தன் புரோகிராமர்களின் பெயரைப் போடவே மறுத்தது. வெறுத்துப்போன 4 பேர் வெளியேறி, 1979ல் ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்கியவர்களில் இடம்பெற்றார்கள். வாரன் ராபினெட் என்பவர் "அட்வென்ச்சர்" என்ற ஆட்டத்தில் ஒரு ரகசிய அறை கட்டி, அதற்குள் தன் பெயரை எழுதிவைத்தார். ஜப்பானிலோ, போட்டிக் கம்பெனி ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், பலருக்குப் புனைபெயர்தான்.

யோகோய் 1997ல் சாலை விபத்தில் இறந்தார். யமாவுச்சி 2013ல், ஹஷிமோட்டோ 2020ல், உயெமுரா 2021ல் மறைந்தார்கள். உயெமுரா ஓய்வுக்குப் பிறகு கியோட்டோவின் ரிட்சுமேய்கான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து விளையாட்டுகளின் வரலாற்றைத் தொகுக்கும் வேலையில் ஈடுபட்டார் என்பது ஆறுதல். ஏனென்றால் நிலைமை அப்படி! 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறைப்படி வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்தால் சேமித்த ஆட்டம் போயிற்று. பிக்சர் டியூப் டிவி போனால் வாத்தும் போயிற்று. நாயும் சிரிக்காது.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. பெயரை அழித்த நகல் பெட்டிதான் நம் தெருவுக்கு அந்தக் கலையைக் கொண்டுவந்தது. அசல் வாங்க நம்மிடம் வழியில்லை. அதற்காக நகலை நியாயப்படுத்திப் பேச நான் வரவில்லை. கம்ப்யூட்டர் துறையில் சம்பளம் வாங்கும் நாம் அப்படிப் பேசவும் கூடாது. ரசித்ததற்கு நன்றியாக, செய்தவர்களின் பெயரையாவது தெரிந்துகொள்வது நம் கடமை என்றுதான் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் லேப் அலமாரியைத் திறந்து பாருங்கள், சொல்கிறேன். பழைய மாணவர்கள் செய்த புராஜெக்ட் போர்டுகள் இருக்கும். செய்தது யார், எந்த வருஷம், எப்படி வேலை செய்யும் என்று ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது. 5 வருஷம் போனால் அது வெறும் பழைய இரும்பு. தம்பி தங்கைகளே, நீங்கள் செய்வதன் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள், சர்க்யூட் படத்தை உள்ளேயே ஒட்டிவையுங்கள். அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்தச் சந்திப்புக்கு வரும்போது உங்கள் பழைய புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வாருங்கள். சங்கமே ஒரு பீரோ வாங்கி அவற்றைச் சேர்த்துவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! செலவில் என் பங்கை நான் முதலில் தருகிறேன்.

ரகசிய அறை கட்டிப் பெயரை ஒளித்துவைக்கும் நிலை நம் பிள்ளைகள் யாருக்கும் வர வேண்டாம். சந்திப்பில் நேரில் பார்ப்போம்.